வீட்டிலிருந்தே நோய்த்தரவு பார்க்கும் வேலை: பைத்தான் தெரிந்தால் போதுமா?

12 செப்டம்பர் 2024, கேள்வி

புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் கல்லூரியில் வகுப்பெடுத்தேன். இப்போது கைக்குழந்தை. ஊர் சங்கரன்கோவில் பக்கம். சென்னைக்கோ பெங்களூருக்கோ நகர முடியாது. பொதுச் சுகாதாரத்தில் தரவு ஆய்வாளர் வேலையை முழுக்க வீட்டிலிருந்தே செய்யலாம், ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம், பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தால் போதும் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். கட்டணம் அதிகம். உண்மையா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

12 செப்டம்பர், இரவு

பாதி உண்மை. வீட்டிலிருந்து செய்யலாம். நான் தென்காசியில் மாடி அறையில் உட்கார்ந்துதான் செய்கிறேன். சம்பளம் தரும் இடம் டெல்லியில். பைத்தான் போதும் என்பது பொய். ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய பொய். பணம் கட்டாதீர்கள்.

13 செப்டம்பர்

காரணம் சொல்லாமல் தீர்ப்பு மட்டும் சொல்கிறீர்களே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

2004ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று வந்தது. ஐ.டி.எஸ்.பி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் மூன்று படிவங்கள்: எஸ், பி, எல். எஸ் படிவம், அறிகுறியை வைத்துக் கிராம சுகாதார செவிலியர் மட்டத்தில் நிரப்புவது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாள்பட்ட இருமல், இப்படி. பி படிவம், டாக்டர் சந்தேகப்படுவது. எல் படிவம், பரிசோதனைக்கூடம் உறுதி செய்தது. முன்பெல்லாம் வாரம் ஒருமுறை தாளில் போகும். 2021 ஏப்ரலில் ஐ.எச்.ஐ.பி. என்ற இணையத்தளம் நாடு முழுக்க வந்த பிறகு அன்றன்றைக்கே பதிய வேண்டும் என்று ஆனது. நோய்ப் பட்டியலும் 18லிருந்து 33 ஆனது.

எனக்கு வருவது பெயர், கைபேசி எண் எல்லாம் எடுத்துவிட்ட ஒரு கோப்பு. திங்கட்கிழமை காலை வரும். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் மூன்றும் என் பாடு. எந்த வட்டாரத்தில் வழக்கத்தைவிட ஏறுகிறது, எந்த வயதில், எத்தனை வாரமாக என்று பார்த்து புதன்கிழமைக்குள் நாலு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்கச் சுலபமான வேலை.

கோப்பில் எல்லா வரிக்கும் ஒரே மதிப்பு. உண்மையில் அப்படி இல்லை. நான் பார்க்கும் மூன்று நோய்களில் இல்லை என்றாலும் டைபாய்டை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் அது பெரும்பாலும் ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஒரே ஒரு விடால் பரிசோதனையை வைத்து எழுதப்படுகிறது. விடாலை ஒருமுறை மட்டும் எடுத்துவிட்டு முடிவுக்கு வர முடியாது. எப்போதோ வந்துபோன தொற்றும், போட்ட தடுப்பூசியும்கூட அதில் தெரியும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்கிற இடங்கள் குறைவு. ஆகவே ஒரு வட்டாரத்தில் டைபாய்டு கூடுதலாகத் தெரிந்தால் நான் முதலில் கேட்பது, அங்கே புதிதாக லேப் திறந்திருக்கிறார்களா என்று.

இந்தக் கேள்வி பைத்தானிலிருந்து வராது. படிவத்தை யார், எங்கே, எந்த நெருக்கடியில் நிரப்புகிறார்கள் என்று ஒருமுறையாவது பார்த்தவருக்கு வரும். அதனால்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போங்கள் என்றேன்.

14 செப்டம்பர்

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியா, பைத்தானா என்று கேட்பவர்களுக்கு: எக்செல்.

சிரிக்க வேண்டாம். மாவட்டத்தில் எல்லோரும் எக்செல்லில்தான் இருக்கிறார்கள். நீங்கள் ஆரில் என்ன வித்தை காட்டினாலும் வருவது எக்செல், போக வேண்டியதும் எக்செல். அது எங்கெங்கே கழுத்தறுக்கும் என்று தெரிந்திருப்பது பாதி வேலை. 5-10 என்று வயதுப் பிரிவைத் தட்டினால் அக்டோபர் 5 என்று மாற்றிக்கொள்ளும். கணினி அமெரிக்கத் தேதிமுறையில் இருந்தால் மே 10. கோப்பு இரண்டு கை மாறி வரும்போது ஒரு பிரிவுக் குழந்தைகளே காணாமல் போயிருப்பார்கள்.

இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசி வாரத்தில் இதைவிடப் பெரிதாக நடந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வகைக் கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிச்சமெல்லாம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. பணக்கார நாடு, பெரிய அமைப்பு, பெரிய பெரிய படிப்பு. கடைசியில் வரி எண்ணிக்கை.

கோப்பைத் திறந்ததும் எத்தனை வரி, அனுப்பியவர் எத்தனை என்றார், இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது என் முதல் வேலை. காபிக்கு முன்னால்.

15 செப்டம்பர்

ஆர்தான் நான் பயன்படுத்துவது. நோய்ப்பரவல் வேலைக்கான ஆயத்தக் கருவிகள் அதில் அதிகம், காசும் கிடையாது. நேற்று ஆரைக் கிண்டல் செய்ததாக ஒருவர் வருத்தப்பட்டார். இல்லை.

23 செப்டம்பர்

திங்கட்கிழமை. இந்த வாரக் கோப்பைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: வரைபடத்தின் வலது ஓரம். டெங்கு வாரக்கணக்கைக் கோடாகப் போட்டுப் பாருங்கள். கடைசி வாரம் எப்போதும் இறங்கியே இருக்கும். "குறைய ஆரம்பித்துவிட்டது" என்று எழுதத் தோன்றும். மேலதிகாரிக்கும் அதுதான் பிடிக்கும். குறையவில்லை, இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு ஆளுக்குக் காய்ச்சல் தொடங்கும் நாள் ஒன்று. இரண்டு நாள் பாராசிட்டமாலில் ஓடும். அப்புறம் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்த நாள், முடிவு வந்த நாள், கணினியில் ஏற்றிய நாள். ஆக நாலு தேதி. கோப்பில் சில நேரம் ஒன்றுதான் இருக்கும், அது எது என்று எழுதியிருக்காது.

இதில் எலிசா என்ற ரத்தப் பரிசோதனையின் கூத்து தனி. டெங்குவுக்கு அரசுக் கணக்கில் சேர்வது எலிசா முறையில் உறுதியானது. கடையில் கிடைக்கும் உடனடி அட்டைச் சோதனை சந்தேகம் என்ற அளவில்தான் நிற்கும். எலிசா தட்டில் 96 குழிகள். நாலு மாதிரிக்காக ஒரு தட்டைத் திறந்தால் கிட் வீண். ஆகவே மாதிரி சேரும்வரை வைத்திருந்து ஓட்டுவார்கள். மழைக்காலத்தில் தினமும் தட்டு நிரம்பும். மற்ற மாதங்களில் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. என் வரைபடத்தில் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கொம்பு முளைத்தது. கொசு செவ்வாய்க்கிழமை பார்த்துக் கடிக்குமா? லேப் டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். "செவ்வாயும் வெள்ளியும்தான் சார் தட்டு ஓட்டுறோம், வெள்ளிக்கிழமை முடிவை ஆபரேட்டர் சனிக்கிழமை லீவுனால திங்கள்தான் ஏத்துவாரு" என்றார். இரண்டு நிமிஷப் பேச்சு.

தேதிக் குழப்பம் சாவுக் கணக்கிலும் வரும். 2020 ஜூலை 22 அன்று தமிழக அறிக்கையில், சென்னையில் முன்பே நடந்து கணக்கில் வராமல் விட்டுப்போன 444 கொரோனா மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. அறிவித்த நாளை வைத்துக் கோடு போட்டவர்களுக்கு ஜூலையில் ஒரு மலை. இறந்த நாளை வைத்துப் போட்டால் அவர்கள் அதற்கு முந்தைய மாதங்களில் போய் உட்காருவார்கள்.

24 செப்டம்பர்

கேள்வி கேட்ட அம்மணி எழுதியிருக்கிறார்: "நீங்களே போனில்தானே கேட்டீர்கள், நேரில் போகவில்லையே."

நியாயம். முதல் நாள் நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கைக்குழந்தை வைத்திருப்பவரிடம் "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்வது எனக்குச் சுலபம். வேலையைத் தொடர்ந்து நடத்தப் போன் போதும். ஆனால் அந்த டெக்னீஷியன் போனை எடுத்ததற்குக் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை அங்கே போய் அவர் தட்டு ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டெல்லி எண்ணிலிருந்து அறிமுகமில்லாத ஒருவர் "உங்கள் டேட்டாவில் பிரச்சினை" என்று ஆரம்பித்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், அந்த வாக்கியத்தை யாரிடமும் பேசாதீர்கள். "எனக்கு ஒன்று புரியவில்லை, சொல்லித் தருகிறீர்களா" என்று தொடங்கினால் எல்லாம் வரும்.

29 செப்டம்பர்

சுகாதார ஆய்வாளராக இருக்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஏசி அறையில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறவர்களுக்குத் தெருத்தெருவாக அலைகிறவன் கஷ்டம் தெரியாது, நாங்கள் உரலையும் டயரையும் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் "உங்கள் பகுதி சிவப்பு" என்று மெயில் போடுகிறீர்கள் என்கிறார்.

மாடி அறையில் ஏசி இல்லை. மற்றதெல்லாம் சரி.

சிவப்பு நிறத்தைப் பற்றி அவர் சொல்வது மிகச் சரி. ஒரு ஊரில் ஒரு டெங்கு உறுதியானால் அங்கே காய்ச்சல் முகாம் போடுவார்கள். முகாம் போட்டால் ரத்தம் எடுப்பார்கள். எடுத்தால் இன்னும் நாலு பேர் தெரிவார்கள். ஊர் சிவக்கும். முகாமே போடாத பக்கத்து ஊர் பச்சையாக இருக்கும். ஒழுங்காக வேலை செய்த ஆய்வாளருக்குத் திட்டு, செய்யாதவருக்குப் பாராட்டு. இதைச் சரிசெய்யத்தான் எத்தனை பேருக்குச் சோதனை செய்து எத்தனை பேருக்கு இருந்தது என்ற விகிதத்தைக் கேட்கிறோம். அந்த "எத்தனை பேருக்குச் செய்தீர்கள்" என்ற எண் வாங்குவது குதிரைக்கொம்பு. நோய் இருப்பவரைப் பதியச் சொல்லித்தான் எல்லோரும் விரட்டுகிறார்கள். இல்லாதவரை யார் பதிவது?

2 அக்டோபர்

விடுமுறை. நீளமாக எழுத நேரம்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே நோயைப் படிக்க முடியுமா என்ற கேள்வி புதிதில்லை. லண்டனில் வில்லியம் ஃபார் என்று ஒருவர், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்த்தவர். எங்கள் தொழிலுக்கு அவரைத்தான் மூதாதை என்று சொல்ல வேண்டும். 1848-49 காலராவில் லண்டனின் ஒவ்வொரு பகுதிச் சாவையும் எடுத்து, அந்தப் பகுதி தேம்ஸ் நதியிலிருந்து எவ்வளவு உயரம் என்பதோடு வைத்துப் பார்த்தார். உயரம் கூடக்கூடச் சாவு குறைந்தது. கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. 1852ல் அறிக்கை வந்தது. நதிக்கரையின் கெட்ட காற்றுதான் காரணம் என்ற கொள்கைக்கு அது நல்ல ஆதாரமாகப் போயிற்று.

எண் சரி, தொடர்பும் சரி, காரணம் தப்பு. தாழ்வான பகுதிகளில்தான் அழுக்குத் தண்ணீரும்.

1854ல் ஜான் ஸ்னோ என்ற லண்டன் டாக்டர். காலரா ஒரு குழாய்த் தண்ணீரிலிருந்து பரவுகிறது என்று அவர் காட்டிய பிராட் தெரு அடிகுழாய்க் கதை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகச் சொல்லப்படாதது, அவர் இறந்தவர்கள் பட்டியலை வாங்கியது அதே பதிவு அலுவலகத்திலிருந்து. தரவு மேசையிலிருந்துதான் வந்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார் என்பதுதான் வேறு. அந்தக் குழாய்க்கு வெகு தூரத்தில், ஹாம்ஸ்டெட்டில், ஒரு விதவைப் பெண் காலராவில் இறந்திருந்தார். அங்கே வேறு யாருக்கும் இல்லை. நானாக இருந்தால் அந்த வரியை "விலகல் மதிப்பு" என்று ஒதுக்கி வைத்திருப்பேன். ஸ்னோ விசாரித்தார். அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவில் இருந்தவர்; அந்தக் குழாய்த் தண்ணீர் ருசி பிடித்துப்போய்த் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அதைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் இஸ்லிங்டனுக்குத் திரும்பிப் போய் இறந்திருந்தார்.

ஃபார் பிடிவாதக்காரர் இல்லை. 1866 காலராவில் அவரே தண்ணீர்க் கம்பெனிகளைத் தேடிப் போய்த் தண்ணீர்தான் காரணம் என்று எழுதினார். ஸ்னோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1858லேயே போய்விட்டார்.

3 அக்டோபர்

"அப்போது வீட்டிலிருந்து வேலை செய்வது தப்பு என்கிறீர்களா" என்று ஒருவர். அய்யா, நேற்று எழுதியதில் அப்படி எங்கே இருக்கிறது? ஃபார் இல்லாமல் ஸ்னோ கையில் பட்டியல் ஏது?

வீடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1956ல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு கொடுத்து மருந்து கொடுப்பது ஒரு பக்கம். நெருக்கடியான ஏழை வீட்டிலேயே இருக்கவிட்டு அதே மருந்து கொடுப்பது மறுபக்கம். 1959ல் முடிவு வந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலன், வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். வீட்டிலிருந்து வேலையே நடக்காது என்று நம்பும் என் மேலாளருக்கு இதை ஒருமுறை அனுப்பினேன். அவர் ரசிக்கவில்லை.

16 அக்டோபர்

மழை வந்துவிட்டது. கோப்பு கனமாகிறது. இனி அடிக்கடி எழுத முடியாது.

வேலூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார், உங்களுக்கு முன்னால் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று. உங்கள் ஊரில்தான் அருமையாகச் செய்தார்கள். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1980களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நாதி என்ற பெயரில் ஒரு கண்காணிப்பு ஏற்பாடு நடத்தினார். கருவி என்ன தெரியுமா? தபால் கார்டு. நோய்களின் பெயர் அச்சடித்திருக்கும். டாக்டர் குறியிட்டுத் தபாலில் போட வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளும் போட்டன. ஏனென்றால் வந்த தகவலைத் தொகுத்து, அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். நாம் எழுதிப் போட்டதை யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் எழுதுவார்கள்.

இதைப் பார்த்துவிட்டு நானும் ஒன்று ஆரம்பித்தேன். மாதம் ஒரு பக்கம், தமிழில், ஆபரேட்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும். "நீங்கள் அனுப்பியதில் இது தெரிந்தது" என்று. என் வேலை விவரத்தில் அது கிடையாது. அதற்குப் பிறகு காய்ச்சல் தொடங்கிய தேதி என்ற கட்டம் காலியாக வருவது வெகுவாகக் குறைந்தது.

28 அக்டோபர்

வரைபட நகைச்சுவை. ஒரு டெங்கு நோயாளி வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடலில் மிதந்துகொண்டிருந்தார். தென்காசி ஏறத்தாழ 9 வடக்கு, 77 கிழக்கு. யாரோ இரண்டையும் மாற்றி ஏற்றிவிட்டார்கள். 77 வடக்கு, 9 கிழக்கு என்றால் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே பனிக்கடல். அங்கே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கிடையாது.

இதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது மோசம். பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே ஒரு கும்பல் புள்ளி. நோயாளி எங்கே இருக்கிறார் என்ற கட்டத்தில் அவர் படுத்திருக்கும் இடத்தை எழுதிவிடுகிறார்கள். அல்லது மகள் வீட்டு முகவரி. கொசு கடித்த ஊர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. புகைமருந்து வண்டி மகள் வீட்டுத் தெருவுக்குப் போகும்.

4 நவம்பர்

தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் நோய் சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிறேன் என்பது குடும்பத்தில் பரவிவிட்டது. என்ன வேலை என்பது மட்டும் பரவவில்லை. பெரியம்மா பேரனுடைய ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, "பிளேட்லெட் ஒரு லட்சத்து பத்தாயிரம்னு இருக்கு, அட்மிட் பண்ணணுமாடா?" என்றார். டாக்டரைக் கேளுங்கள் என்றேன். "நீ மாசம் மாசம் இதுக்குத்தானே சம்பளம் வாங்குற?" சித்தப்பா நிலவேம்புக் கஷாயம் வேலை செய்யுமா என்று கேட்டார். என் கோப்பில் நிலவேம்புக்குக் கட்டம் இல்லை என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

வீட்டிலிருந்து வேலை என்றால் இதுவும் சேர்த்துத்தான். பகலில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் சும்மா இருப்பவன். கேஸ் சிலிண்டர் வாங்கிவைக்க, கரண்ட் பில் கட்ட, எல்லாவற்றுக்கும் நான்தான்.

11 நவம்பர்

தென் மாவட்டக் கோப்புகளைத் தொடப்போகிறவர்களுக்கு மட்டும். வருவாய் மாவட்டம் வேறு, சுகாதார மாவட்டம் வேறு. கோவில்பட்டி, சிவகாசி, பழனி, பரமக்குடி எல்லாம் கலெக்டர் இல்லாத சுகாதார மாவட்டங்கள். இரண்டு கோப்பை ஒட்டும்போது ஒன்று இந்தக் கணக்கிலும் மற்றது அந்தக் கணக்கிலும் இருக்கும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது; அதற்கு முன்பின் பார்த்தால் திருநெல்வேலியில் நோயெல்லாம் திடீரென்று குறைந்துபோன மாதிரி இருக்கும். மக்கள்தொகை எண்ணுக்கு இன்னும் 2011 கணக்கெடுப்பைத்தான் இழுத்து நீட்டிக்கொண்டிருக்கிறோம். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து ஆளுக்கொரு விதம். 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளியாகி, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் சுறுசுறுப்பாக மாற்றிவிட்ட கோப்புகளை இன்றைக்கும் எங்கேயாவது பார்க்கிறேன். பெயரை நம்பாதீர்கள், அரசு தரும் ஊர்க் குறியீட்டு எண்ணை வைத்து ஒட்டுங்கள்.

18 நவம்பர்

"இன்னும் கொஞ்ச நாளில் செயற்கை நுண்ணறிவே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், இந்தப் பெண்ணை ஏன் இதில் தள்ளுகிறீர்கள்?"

கூகுள் 2008ல் ஒன்று செய்தது. மக்கள் தேடும் சொற்களை வைத்தே ஃப்ளூ எங்கே பரவுகிறது என்று சொன்னது. 2009ல் புதுவகை ஃப்ளூ வந்தபோது முதல் அலையைக் கோட்டைவிட்டது. 2012-13 பருவத்தில் டாக்டரிடம் போனவர்களின் உண்மை எண்ணிக்கையைவிட மிக அதிகமாகச் சொன்னது. 2015ல் நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ள கருவிகள் எவ்வளவோ மேல், நானே நிரல் எழுதப் பயன்படுத்துகிறேன். செவ்வாய்க்கிழமைக் கொம்பை அதனிடம் காட்டினால் அழகான வாரச் சுழற்சி என்று கணித மாதிரி போட்டுக் கொடுக்கும். போனை எடுத்து லேப்பில் கேட்காது.

2 டிசம்பர்

காலிக் கட்டம் பற்றி எழுதச் சொல்லி ஆய்வாளர் நண்பர் (ஆமாம், அதே கோபக்காரர், இப்போது பேசிக்கொள்கிறோம்) கேட்டிருந்தார்.

போலியோ ஒழிப்பில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வாரா வாரம் நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறிக்கை போக வேண்டும். இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். 2011 ஜனவரியில் ஹவுராவில் கடைசிப் போலியோ நோயாளி. அதற்குப் பிறகு இந்தியாவில் இல்லை என்று 2014ல் சான்று கொடுக்க முடிந்ததற்கு அந்த "இல்லை"களும் காரணம். என் கோப்பில் பூஜ்யமும் காலியும் கலந்தே வரும். 2023 டிசம்பர் 17, 18ல் தெற்கே கொட்டித் தீர்த்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., அந்த வாரம் வெள்ளத்தில் மாட்டிய பகுதிகளில் காய்ச்சல் சரிந்திருந்தது. ஆரோக்கியம் இல்லை. கரண்ட் இல்லை, ரோடு இல்லை, பதிய ஆள் வர முடியவில்லை. அந்தக் கட்டங்களில் பூஜ்யம் போட்டுக் கூட்டியிருந்தால், எலிக்காய்ச்சலுக்கு மிகவும் அஞ்ச வேண்டிய நேரத்தில் எல்லாம் சுகம் என்று அறிக்கை போயிருக்கும்.

9 டிசம்பர்

ஒரு வரி. வயது 7, பெண், டெங்கு, முடிவு என்ற கட்டத்தில் இறப்பு. ஊர்ப் பெயரைப் பார்த்தால் இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி. காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் சேர்த்த நாளுக்கும் நடுவே ஆறு நாள். அந்த ஆறு நாளில் எங்கெங்கே காட்டினார்கள் என்பதற்குக் கோப்பில் இடமில்லை. அலுவலகம் என்றால் பக்கத்து நாற்காலியில் யாராவது இருப்பார்கள். இங்கே கீழே இறங்கினால் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அறிக்கையில் "இறப்பு: 1" என்று எழுதினேன், அந்த ஆறு நாளையும் ஒரு வாக்கியமாகச் சேர்த்தேன். நீக்கச் சொன்னார்கள். காரணம் சொல்லி வைத்துக்கொண்டேன்.

10 டிசம்பர்

பெயர் இல்லாத கோப்புதானே, ஆபத்து என்ன என்று ஒருவர். நேற்று நான் எழுதியதே உதாரணம். சின்ன ஊர், வயது, நோய், இந்த மூன்றும் தெரிந்தால் அந்த ஊர்க்காரருக்குப் பெயர் எதற்கு? (வயதையும் தூரத்தையும் இங்கே மாற்றித்தான் போட்டேன்.) அறிக்கையில் 5க்குக் கீழே வரும் எண்களை ஊர்வாரியாகக் காட்டாமல் வட்டாரத்தோடு சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம். டெங்குவுக்கு ஊர் பரிதாபப்படும். காசநோய், எச்.ஐ.வி. என்றால் கல்யாணம் நிற்கும்.

வீட்டில் தனி அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திரை சுவரைப் பார்த்து இருக்கட்டும். எழுந்து போனால் பூட்டிவிட்டுப் போங்கள். மகன் வீட்டுப்பாடத்துக்கு அந்தக் கணினியைத் தொடக் கூடாது.

19 டிசம்பர்

கேள்வி கேட்டவருக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் எழுத்துத் தேர்வாம், வீட்டிலிருந்தே. ஒரு கோப்பு கொடுத்து "இங்கே நோய்த்தொற்று வெடித்திருக்கிறதா" என்று கேட்பார்களாம். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டவில்லையாம், நல்லது. நோய்ப்பரவியல் அடிப்படைக்குச் சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் இணைய வகுப்பைக் காசில்லாமல் பார்த்திருக்கிறார். அதைவிட முக்கியம், அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது செவிலியர் பதிவேடு எழுதுவதைக் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். இவருக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும்:

கணித மாதிரி எதையும் ஓட்டாதீர்கள், முதல் அரை மணி நேரம். நிலையம் வாரியாக, வாரம் வாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். ஒரே நிலையம் மட்டும் எகிறியிருந்தால் அங்கே என்ன மாறியது என்று கேள்வி எழுதுங்கள். வயது 25, 30, 35 என்று குவிந்திருந்தால் குத்துமதிப்பாக எழுதியது. ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா பாருங்கள். பெயரோடு வரும் கோப்பு என்றால், நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை வரும், கணினி இரண்டு பேர் என்று நினைக்கும். கடைசி இரண்டு வாரத்தை வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டு "முழுமையில்லை" என்று எழுதுங்கள். போன வருடங்களின் இதே வாரங்களோடு ஒப்பிடுங்கள், போன மாதத்தோடு அல்ல; அக்டோபரில் டெங்கு கூடுவது செய்தியே இல்லை. விடை தெரியாவிட்டால், யாருக்குப் போன் போட்டு என்ன கேட்பீர்கள் என்று எழுதுங்கள். நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால் அதற்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

20 டிசம்பர்

சம்பளம், ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம். திட்டத்துக்கு நிதி வந்தால் நீளும். பொதுவான ஐ.டி. வேலைக்குக் கிடைப்பதைவிடக் குறைவுதான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் நேரம் காலம் கிடையாது, கோடையில் மூச்சுவிடலாம். குழந்தையோடு திட்டம் போடும்போது அக்டோபர் முதல் ஜனவரி வரை வீட்டில் ஒரு ஆள் துணை இருக்கிறாரா என்று இப்போதே பேசி வையுங்கள். இன்வெர்ட்டரும் இரண்டாவது இணைய இணைப்பும் யார் செலவு என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கணினி யார் தருகிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் சொந்த மடிக்கணினியில் நோயாளித் தரவை வைத்துக்கொள்ளச் சொல்கிற இடமாக இருந்தால் அந்த வேலை வேண்டாம், வேறு பார்க்கலாம். எனக்குத் தெரிந்த இடங்களில் ஆள் தேவைப்பட்டால் இங்கேயே போடுகிறேன்.